நித்திரைக்குள் ஒரு காவல்

அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலில் கடல் ஒரு நிமிடமும் ஓய்வதில்லை. கரையோர வீடுகளில் அந்த இரைச்சல் சுவரைத் தாண்டிப் பாய் வரைக்கும் வரும். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை; அயர்ந்து தூங்குவார். அதே ஆள், பின்வேலித் தகரத்தில் பூனை குதித்தால் திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்துவிடுவார். பெரிய சத்தத்தில் தூங்கிச் சின்னச் சத்தத்தில் விழிக்கிறது மூளை. இரவில் நெஞ்சு படபடத்துப் புரள்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த விந்தையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு மூடி கிடையாது. நித்திரையிலும் காது கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டது மூளையின் மேற்பரப்புக்குப் போகும் வழியில், நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியைக் கடக்க வேண்டும். நித்திரையின்போது அங்கிருந்து விநாடிக்கு 11 முதல் 16 தடவை துடிக்கும் சிறு மின் அலைக் கூட்டங்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். தாளில் வரைந்து பார்த்தால் மருதமுனை நெசவுக்காரர் கையிலுள்ள நூற்கதிர் போல நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கியிருக்கும். அதனால் இவற்றை நித்திரைக் கதிர்கள் என்போம். இந்தக் கதிர்கள் அதிகம் தோன்றுகிறவர்கள் சத்தத்துக்கு மத்தியிலும் விழிக்காமல் தூங்குகிறார்கள் என்று 2010 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

சத்தம் மட்டுப்படுகிறதே தவிர, அடியோடு நின்றுவிடுவதில்லை. தூங்குகிறவரிடம் பெயர்ப் பட்டியல் ஒன்றை வாசித்தால், மற்றப் பெயர்களைவிடத் தன் சொந்தப் பெயருக்கு மூளை பலமாகத் துள்ளுகிறது. பிரித்தானிய ஆய்வாளர் இயன் ஓஸ்வால்ட் 1960 இல் காட்டியது இது. நித்திரையிலிருக்கும் மூளை சத்தத்தின் அளவை மட்டுமல்ல, பொருளையும் எடை போடுகிறது. அலை வழமையானது, விட்டுவிடலாம். தகரம் புதியது, பார்த்தேயாக வேண்டும்.

இன்னும் ஆச்சரியமானது இந்தக் காவலின் ஒழுங்கு. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அனிதா லூத்தியின் குழு, எலியின் நித்திரையிலும் மனித நித்திரையிலும் ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை சுழலும் ஓர் ஏற்றஇறக்கத்தை 2017 இல் கண்டறிந்தது. கிட்டத்தட்ட 25 விநாடி மூளை உள்ளே திரும்பியிருக்கிறது; அடுத்த 25 விநாடி வெளியே செவி கொடுக்கிறது. அதே சத்தத்தை முதல் பாதியில் எழுப்பினால் எலி பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்; மறுபாதியில் எழுப்பினால் எளிதில் விழித்துவிடும். நாம் ஒரே நீட்டாகத் தூங்கியதாக நினைக்கும் நித்திரையிலும் மூளை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துக்கொள்கிறது.

எட்டிப் பார்க்கச் சொல்வது மூளைத்தண்டிலுள்ள நீலப் புள்ளி. நிறமி சேர்ந்து மெய்யாகவே நீலம் பாரித்திருக்கும் ஒரு சிறு செல்கூட்டம் அது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உண்டு. நீலப் புள்ளியில் இருப்பவை சுமார் 50,000. இலங்கையின் சனத்தொகையோடு ஒப்பிட்டால், முழு நாட்டுக்கும் பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்று பேரும் நோரட்ரினலின் என்ற விழிப்பு இரசாயனத்தை மூளையின் மூலைமுடுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். நாம் தூங்கத் தொடங்கினால் அவர்கள் வேலை குறைகிறது. கனவு மிகுந்த கட்டத்தில் அநேகமாக முற்றாக நிற்கிறது. பயந்துபோன உடம்பில் மட்டும் அவர்கள் சரியாக ஓய்வதில்லை.

இடம் புதிதானால்கூட இந்தக் காவல் கூடுகிறது. அந்நிய இடத்தில் முதல் இரவு தூங்குகிறவரின் மூளையில் ஒரு பாதி மற்றப் பாதியைவிட இலேசாகத் தூங்குகிறது என்று 2016 இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி குழுவினர் அளந்தார்கள். வாத்துகளிடம் இது இன்னும் தெளிவு. வரிசையின் ஓரத்தில் தூங்கும் வாத்து ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அதுவும் கூட்டத்துக்கு வெளிப்புறமாகப் பார்க்கும் கண்ணை.

2004 டிசம்பர் 26 காலை, சுமாத்ராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் நம் கரைக்கு ஏறியது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் படுத்தார்கள். முதல் இரவின் அந்நியம் மாதக்கணக்கில் நீண்டது. அதைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. தாலாட்டாக இருந்த அலைச்சத்தத்தின் பொருளே ஒரு காலையில் மாறிப்போனது. வீடு திரும்பிய பிறகும் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் ஒரு பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் உண்டு. மூளை பழுதானதால் வந்ததல்ல இது. ஒரே நாளில் படித்த பாடத்தை மறக்க மறுக்கிற நல்ல மூளை அது. பிறகு ஒலுவிலில் துறைமுகம் எழுந்து 2013 இல் திறக்கப்பட்டது. அதையொட்டிய கரை அரிக்கப்பட்டு, தென்னந்தோட்டங்கள் கடலுக்குப் போயின. சத்தம் இன்னும் கிட்ட வந்துவிட்டது.

ஊரே சேர்ந்து நித்திரை இழந்த காலமும் ஒன்று உண்டு. 2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு நாட்டின் பல பகுதிகளிலும் பரவி அம்பாறைக் கரையோரத்தையும் உலுக்கியது. இளைஞர்கள் ஒழுங்கைகளில் இரவிரவாகக் காவல் நின்றார்கள். பயம் நித்திரையைக் கெடுக்கும் என்பது யாருக்கும் தெரியும். திரும்பி வரும் வழிதான் பலருக்குத் தெரியாது: நித்திரை கெட்டால் பயமும் வளரும். சுமார் 35 மணித்தியாலம் விழித்திருந்தவர்களுக்குக் கொடூரமான படங்களைக் காட்டியபோது, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கி எழுந்தவர்களைவிட 60 வீதம் அதிகமாகத் துடித்தது. 2007 இல் வெளியான ஆய்வு இது. பல இரவு கண்விழித்த ஊரில் ஒரு நிழல்கூட ஆளாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இந்தச் சுற்றை உடைக்கும் வழிகளும் மூளையின் இயல்பை வைத்தே கட்டப்பட்டவை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. தேயிலையிலுள்ள கஃபீன் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாதி கஃபீன் உடம்பை விட்டு வெளியேறவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த பிளேன்டீயின் பாதி, இரண்டு மணிக்கும் உள்ளேயே இருக்கிறது.

அடுத்தது பாய். இரவு தோறும் அதில் கிடந்து கவலைப்பட்டால், பாயைக் கண்டதுமே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடும். ரிச்சர்ட் பூட்சின் 1972 இல் சொன்ன வைத்தியம் எளிது, ஆனால் மனம் ஒப்பாது: சற்று நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழும்பி வேறு இடத்தில் அமைதியாக இருங்கள், கண் சொருகும்போது மட்டும் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் விழியுங்கள். அதிகாலைச் சுபஹு பாங்குக்கு எழும்பும் ஊரில் இந்தப் பாதி ஏற்கனவே கைவசம் இருக்கிறது. நாளைய வேலைகளைப் படுக்குமுன் ஐந்து நிமிடம் தாளில் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிடமளவு முந்தித் தூங்கினார்கள் என்று 2018 இல் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

மூச்சும் உதவும். வெளிமூச்சு விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. இத்தாலியில் லுசியானோ பெர்னார்டி 2001 இல் செபமாலையையும் யோக மந்திரத்தையும் ஓதவைத்து அளந்தபோது, இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு வந்து நின்றது. இறைநினைவு ஓதலான திக்ரை அவசரமில்லாமல் ஓதுகிறவர்கள் தம் மூச்சைக் கவனித்துப் பார்க்கலாம்.

கெட்ட கனவுக்கு ஒரு தனி வைத்தியம் உண்டு. பகலில் அந்தக் கனவை எழுதி, முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி, புதிய கனவைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாரி கிராகோ 2001 இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களின் கெட்ட கனவுகள் இதனால் கணிசமாகக் குறைந்தன. கனவுக்குப் பின்னாலுள்ள மனஅதிர்ச்சிக்கும் வைத்தியம் உண்டு. யாழ்ப்பாணத்து மணற்காட்டில், யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட 31 பிள்ளைகளில் ஒரு சாராருக்குத் தம் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லவும், மறு சாராருக்குத் தியானத்தாலும் மூச்சாலும் தளரவும் ஆறு அமர்வுகளில் பழக்கம் கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்தின் பின் முதல் குழுவில் 81 வீதமானோரும் மற்றக் குழுவில் 71 வீதமானோரும் அதிலிருந்து தேறியிருந்தார்கள். அமர்வுகளை நடத்தியவர்கள் அதற்கென்று பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள்.

ஒரு மாதத்துக்கு மேலும் நித்திரை கூடாவிட்டால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போக முடியாத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.