துள்ளியெழும் தண்ணீர்

மூன்றாண்டு வாசக வட்டத்தின் முதல் ஆண்டில், தவக்கால மூன்றாம் ஞாயிறன்று, சமாரியப் பெண்ணின் நற்செய்தி நம் கோயில்களில் வாசிக்கப்படுகிறது. யோவான் நான்காம் அதிகாரம். நீண்ட பகுதி, நின்று கேட்கும் முதியோர் கால் மாற்றி நிற்பதைப் பீடத்திலிருந்து காண்கிறேன். ஆயினும் குறைக்காமல் முழுவதையும் வாசிப்பதே என் வழக்கம். தண்ணீரைக் குறித்து மறைநூல் சொல்வனவெல்லாம் அந்தக் கிணற்றடியில் திரண்டு நிற்கின்றன.

"உயிருள்ள தண்ணீர்" என்றதும் நாம் ஞானப்பொருளுக்குத் தாவிவிடுகிறோம். எபிரேய மக்களுக்கோ அது முதலில் வீட்டுப் பேச்சு. ஊற்றிலும் ஓடையிலும் ஓடுவது உயிருள்ள நீர். தொட்டியில் தேங்கியது அப்படியன்று. தொழுநோய் நீங்கியவரைத் தூய்மைப்படுத்தும் சடங்கிற்கு லேவியர் நூல் கேட்பது உயிருள்ள நீரையே. ஊற்றாகிய இறைவனை விட்டு, வெடித்துப்போன தொட்டிகளைத் தேடிக்கொண்டார்களே என்பதுதான் எரேமியாவின் ஆற்றாமை. திருத்தூதர் காலத்தை அடுத்து எழுந்த 'திதக்கே' என்னும் நூலும் திருமுழுக்கை ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையேல் வேறு நீர். குளிர்ந்த நீர் இயலாதேல் வெந்நீர். இரண்டும் இல்லையேல் தலைமீது மும்முறை ஊற்றினால் போதும். தாய்க்குரிய கனிவு!

ஆண்டவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தாம் தரும் தண்ணீர், பெறுபவருக்குள்ளேயே ஊற்றாகித் துள்ளும் என்கிறார். இங்கே யோவான் ஆளும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறு இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளவை. பிறவி முதல் நடவாதிருந்த மனிதர் குதித்தெழுந்ததைச் சொல்பவை. அம்மனிதர் குதித்ததுபோல் தண்ணீர் குதிக்கிறது.

நகரத்தாருக்கு இதை விளக்கவேண்டும். நம் வட்டாரத்து மூத்தோர் பலர் துள்ளும் தண்ணீரைக் கண்ணால் கண்டவர்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு இறக்கியபோது நீரோடு கரிய பொருளும் வந்ததே நெய்வேலியின் தொடக்கம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணற்படுகை ஒன்று உண்டு. முந்திரி நிற்கும் செம்மண் மேடுகளில் பெய்யும் மழை உள்ளிறங்கி, கடலை நோக்கிச் சாய்ந்த அப்படுகையில் அடைபட்டு அழுத்தம் பெறுகிறது. முன்னாளில் துளையிட்ட இடத்தில் ஏற்றமும் இயந்திரமும் இன்றி நீர் தானே மேலேறியது. அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடாதிருக்க, நிலக்கரி வெளிப்பட்ட 1961 தொட்டு இரவும் பகலும் நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். நீர்மட்டம் தாழ்ந்தது; பொங்கிய துளைகள் அடங்கின. இறைத்த நீரால் அனல்மின் நிலையம் இயங்குகிறது, வயல்களும் விளைகின்றன. குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் மின்கம்பங்களைச் சாய்த்த பின், காலுக்கடியில் நீர் இருந்தும் மோட்டார் ஓடாமல் மக்கள் குடத்தோடு அலைந்தார்கள். எரேமியாவுக்கு அதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை.

அந்தப் படுகைக்கு வரப்பும் இல்லை. என் காட்டுத் தண்ணீர், உன் காட்டுத் தண்ணீர் என்பதெல்லாம் மேலே. கீழே இருப்பது ஒரே நீர். அப்பெண் முதலில் எழுப்பிய கேள்வி இதைத் தொடுகிறது: யூதராகிய நீர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கலாமோ? இரு சாராரும் ஒரே பாத்திரத்தில் புழங்குவதில்லை என்பதே யோவான் அங்கே சேர்க்கும் குறிப்பின் பொருள் என்பார் அறிஞர் சிலர். தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு இதற்கு உரை எதற்கு? தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த நாடு இது. பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று மராட்டிய நாட்டு மகாத் நகரில் அம்பேத்கர் தம் மக்களோடு நடக்கவேண்டியிருந்தது. ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்றோரை வெவ்வேறு கல்லறைகளில் புதைக்கும் வழக்கம் தமிழகத் திருச்சபையிலும் இருந்தது, முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இதை எழுதுவது இனிமையன்று. எனினும் திருமுழுக்கு நீரைப் பற்றி எழுதுகையில் இதை விலக்கிச் செல்ல மனம் ஒப்பவில்லை. ஆண்டவரிடம் மொள்ளப் பாத்திரம் இல்லை என்று அப்பெண்ணே சுட்டிக்காட்டுகிறாள். பருகினால் அவள் பாத்திரத்தில்தான் பருகவேண்டும். அறிந்தே கேட்டார்.

திருப்பலியில் குருவானவர் இரசத்தில் ஒரு துளி நீர் சேர்ப்பதைக் காண்கிறீர்கள். அந்நீர் இறைமக்களைக் குறிக்கிறது என்றும், கலந்தபின் அதைப் பிரிக்க இயலாது என்றும் மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேசு ஆயர் புனித சிப்பிரியான் எழுதினார். அத்துளியில் எந்தத் தெருவின் பங்கு எவ்வளவு என்று யார் அளப்பது?

பாஸ்கா திருவிழிப்பில் மந்திரித்த நீரை வீட்டிற்கு எடுத்துச் செல்கிறீர்கள், நல்லதே. சில வீடுகளில் அது அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருந்து பாசி பிடிப்பதையும் கண்டிருக்கிறேன். பழைய நீரைச் செடியின் வேரில் ஊற்றிவிட்டு, கழுவிய பாத்திரத்தோடு திருவிழிப்புக்கு வாருங்கள். பாத்திரம் கொண்டுவர மறந்தவர் அருகில் நிற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.