நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சமா? மீஞ்சூர் சாலை சொல்லும் பாடம்!

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், மீஞ்சூர் வந்து வெளிவட்டச் சாலையில் ஏறுகிறது. வண்டலூர் வரை சுமார் 60 கிலோமீட்டர் ஆறு வழிச் சாலை. மீஞ்சூர் வரையிலான பகுதி 2021-இல் திறக்கப்பட்டதிலிருந்து துறைமுக வண்டிகளுக்கு இது முக்கியமான பாதை.

ஸ்டியரிங் பிடித்திருப்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுத்த டீசலில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? பலருக்கு அந்த மிச்சம்தான் வீட்டுக்குப் போகும் கூடுதல் காசு.

மேம்பாலம் இறங்கும்போது நியூட்ரல் போடும் பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொள்கிறது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவதும் உண்டு. ஸ்கூட்டியிலும் காரிலும் போகிற நம்மில் பலருக்கும் இதே நம்பிக்கைதான். ஆனால், அந்தக் கணக்கு தப்பு!

நியூட்ரலில் என்ன நடக்கிறது?

வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், உருளும் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. இன்றைய எஞ்சின்களில் அந்த நேரத்தில் எரிபொருள் செல்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரல் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் எரிந்தே ஆகவேண்டும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறோம்!

அதைவிடப் பெரிய நஷ்டம், வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எஞ்சினின் பிடி போய்விடுவது. மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடி தளரும். எஞ்சினை அணைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். லாரியில் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் இருக்கிற காற்று குறையும். ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும்.

ஒரு பிரேக்கின் விலை

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 40 டன் எடையுள்ள டிரெய்லர் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர, சுமார் 400 மில்லி டீசல் தேவைப்படும். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே எரித்த டீசலைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம்.

எனவே முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்க்காமல், அதற்கும் முன்னால் இருக்கும் சாலையைப் பாருங்கள். தூரத்தில் சிக்னல் சிவப்பா, ரயில்வே கேட் மூடுகிறதா? இங்கேயே காலை எடுத்துவிட்டால் வண்டி கியரில் உருண்டு மெல்ல வேகம் குறையும். போய்ச் சேர்வதற்குள் வழி திறந்துவிட்டால், நிற்காமலே போய்விடலாம்.

அதற்கு இடைவெளி வேண்டும். முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும், ‘நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று’ என்று எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் மிக நெருக்கத்தில் போகிறீர்கள். 60 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீட்டர். மழையிலும் இரவிலும், கனரக வண்டிகளுக்கும் இது இன்னும் கூடவேண்டும்.

டிரெய்லருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று மறைப்பில் மைலேஜ் கூடும் என்று பைக்கில் முயன்று பார்க்காதீர்கள். அதன் பின்னாலும், இடது பக்க முன்மூலையிலும் நீங்கள் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டீர்கள்.

தினமும் செய்யக்கூடியவை

* வேகம்: 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சீராகப் போகச் சொல்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வண்டி நிற்கத் தேவையான பிரேக் தூரமும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு!

* டயர்: காற்று குறைந்த டயர் எஞ்சினை இழுக்க வைக்கும், சூடேறி வெடிக்கவும் செய்யும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே காற்றைச் சரிபாருங்கள்.

* கால்: பைக்கில் பின் பிரேக் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் பெட்ரோல் வீணாகும். பிரேக் விளக்கும் எரிந்துகொண்டே இருப்பதால், நீங்கள் நிஜமாகவே நிற்கும்போது பின்னால் வருபவருக்குத் தெரியாது. காரில் கிளட்ச் மேல் கால் வைப்பதும் இதே மாதிரிதான்.

* காத்திருப்பு: கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணையுங்கள். வண்டி நிற்கும்போது அணைப்பதில் ஆபத்து இல்லை; லாபம்தான். பெரிய டீசல் எஞ்சின் ஒரு மணி நேரம் சும்மா ஓடினாலே 2 முதல் 3 லிட்டர் போய்விடும். டர்போ வண்டி நெடுந்தூரம் ஓடி வந்திருந்தால் ஒரு நிமிடம் ஆறவிட்டு அணையுங்கள்.

* வரிசை: துறைமுக வாசல் வரிசையில் முன் வண்டி நகரும்போதெல்லாம் இரண்டடி நகர்த்தாமல், கொஞ்சம் இடம் விழுந்ததும் ஒரே தடவையாகப் போங்கள்.

இவற்றில் எதற்கும் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. டீசலை மிச்சம் பிடிக்கும் பழக்கம் ஒன்று, உயிரைக் காக்கும் பழக்கம் வேறொன்று என்றும் இல்லை. முன்கூட்டியே பார்ப்பதும், பதறாமல் ஓட்டுவதும் இரண்டையும் சேர்த்தே தரும்.

இன்று வீடு திரும்பும்போது எத்தனை தடவை பிரேக் பிடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாளை அதில் பாதியாகக் குறைக்க முடிகிறதா என்று பாருங்களேன்!