வந்து வந்து போற ஃபால்ட்: ஃபேக்டரி நெட்வொர்க்ல அதை எப்படிப் பிடிக்கிறது?

இன்னைக்கு கொஞ்சம் ஃபேக்டரிக்குள்ள போகலாம்.

ஒரு கேபிள் முழுசா அறுந்துபோச்சுன்னா அது சுலபமான பிரச்சினை. தேடிக் கண்டுபிடிச்சு மாத்திடலாம். மெயின்டனன்ஸ் ஆளுங்களைத் தூங்கவிடாதது வேற ரகம். பாட்டில் நிரப்புற ஒரு லைனை நினைச்சுக்கோங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி 2:40-க்கு லைன் நிக்குது, ஸ்கிரீன்ல ‘கம்யூனிகேஷன் ஃபால்ட்’. டெக்னீஷியன் ஓடி வர்றதுக்குள்ள எல்லா லைட்டும் பச்சை. ரீசெட் அடிச்சா ஓடுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே கதை. “நீ என்னப்பா பண்ண?”ங்கிற கேள்வி அந்த நேரத்துல ஷிஃப்ட்ல இருந்தவர் மேலதான் விழும். அப்புறம் ஒரு ட்ரைவை மாத்துவாங்க, பிஎல்சி கார்டை மாத்துவாங்க. காசு போகும், ஃபால்ட் போகாது.

ஏன் இப்படி நடக்குதுன்னு புரிய, உள்ள என்ன ஓடுதுன்னு பார்க்கணும். பிஎல்சிங்கிறது லைனோட மூளை. அது ஒவ்வொரு ட்ரைவ்கிட்டயும் சென்சார்கிட்டயும் மாறி மாறிக் கேட்டுக்கிட்டே இருக்கும்: “வேகம் என்ன? வால்வு திறந்திருக்கா?” பதில் வரலைன்னா உடனே லைனை நிறுத்தாது, மறுபடி கேட்கும். இதுதான் ரிட்ரை. எல்லா முயற்சியும் தோத்தாதான் ஸ்கிரீன்ல ஃபால்ட் வரும்.

இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎல்சி ஒரு ட்ரைவை நொடிக்கு 10 தடவை கேட்குது, ஒரு நாளைக்கு 8,64,000 கேள்வி. நூத்துல ஒண்ணு தொலைஞ்சுபோகுது, மொத்தம் 3 முயற்சி அனுமதின்னு வச்சுக்கோங்க. தொடர்ந்து 3-ம் தொலையுற வாய்ப்பு 10 லட்சத்துல 1. அதாவது, கிட்டத்தட்ட நாளைக்கு ஒரு ஃபால்ட். அந்த நூத்துல ஒண்ணு, நூத்துல ரெண்டா ஆச்சுன்னா? நாளைக்கு ஏழு ஃபால்ட். நிஜத்துல இரைச்சல் கொத்துக் கொத்தா வரும், இவ்வளவு ஒழுங்கா இருக்காது. ஆனா சங்கதி இதுதான்: நமக்கு ‘எப்பவாவது’ தெரியுற பிரச்சினை, பல இடத்துல எப்பவுமே இருக்கிற பலவீனம். ரிட்ரை அதை மூடி மறைச்சு வச்சிருக்கு.

அதனால ஃபால்ட்டை எண்ணாதீங்க, எரரை எண்ணுங்க. மோட்பஸோ ப்ரொஃபிபஸோ ஈத்தர்நெட்டோ, எத்தனை ஃப்ரேம் கெட்டுப்போச்சு, எத்தனை தடவை திரும்பக் கேட்டாங்கன்னு ஒரு கவுன்ட்டர் பெரும்பாலும் எங்கேயாவது ஓடிக்கிட்டு இருக்கும். பிஎல்சியோட டயக்னாஸ்டிக் பக்கத்துல, இல்லைன்னா மேனேஜ்டு ஸ்விட்ச்ல. அதைத் திறந்து பார்க்காமலேயே ட்ரைவை மாத்துற இடங்கள்தான் அதிகம். காய்ச்சலை அளக்காம மாத்திரை கொடுக்கிற மாதிரி.

அடுத்தது நேரம். பிஎல்சி, டச் ஸ்கிரீன், ட்ரைவ், மூணோட கடிகாரத்தையும் முதல்ல ஒண்ணாக்குங்க. ஒண்ணு 7 நிமிஷம் பின்னாடி ஓடுனா எதுக்கு அப்புறம் எது நடந்ததுன்னு சொல்லவே முடியாது. அப்புறம் ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் பக்கத்துல, அந்த நேரத்துல வேற என்ன நடந்ததுன்னு எழுதுங்க. பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆச்சா, கிரேன் ஓடுச்சா, பக்கத்துல வெல்டிங்கா, தண்ணி அடிச்சுக் கழுவினாங்களா? எந்த டிவைஸ் விழுந்ததுங்கிறதும் முக்கியம். எப்பவும் அதே ஒண்ணுன்னா, அதோட கனெக்டரையும் பவரையும் பாருங்க. ஒரு இடத்துக்கு அப்புறம் இருக்கிறது எல்லாம் விழுதுன்னா, அந்த இடத்துல இருக்கிற கேபிள் மேல சந்தேகம். எல்லாமே ஒண்ணா விழுதுன்னா பவர் சப்ளை, மாஸ்டர், டெர்மினேஷன், இல்லைன்னா இரைச்சல்.

டெர்மினேஷன்னா என்ன? ஆர்எஸ்-485ல முறுக்கின ரெண்டு கம்பியில சிக்னல் போகும். முனைக்குப் போனதும் அதை உறிஞ்சிக்க ஒண்ணு வேணும், இல்லைன்னா சுவத்துல பட்ட பந்து மாதிரி திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். அதுக்குத்தான் ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர். எல்லா பவரையும் அணைச்சிட்டு ரெண்டு கம்பிக்கும் நடுவுல மல்டிமீட்டரை வச்சா சுமார் 60 ஓம் காட்டணும். 120 காட்டுச்சுன்னா ஒரு முனையில ரெசிஸ்டர் இல்லை. 40 காட்டுச்சுன்னா நடுவுல யாரோ மூணாவதா ஒண்ணை ஆன் பண்ணி வச்சிருக்காங்க. கேபிள் நீளமா இருந்தா அதோட ஓம்ஸும் கொஞ்சம் சேரும். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ரெண்டு நிமிஷ வேலை.

ப்ரொஃபிபஸ்ல இன்னொரு வேடிக்கை. அங்க ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளேயே இருக்கும், ஒரு குட்டி ஸ்விட்ச்சோட. அந்த டெர்மினேஷனுக்குக் கரண்ட் தர்றது அந்த டிவைஸ்தான். கடைசியில இருக்கிற மெஷினை வேலை இல்லைன்னு யாராவது அணைச்சா, டெர்மினேஷனும் சேர்ந்து போயிடும். மெஷின் ஆஃப்ல இருக்கிற நாள் எல்லாம் வேற எங்கேயோ ஃபால்ட். சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும், சம்பந்தம் இருக்கு. கேபிள் நீளமும் அப்படித்தான்: 12 எம்பிபிஎஸ் வேகத்துல ஒரு செக்மென்ட் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, 1.5 எம்பிபிஎஸ்ல 200 மீட்டர். லைனை நீட்டினவங்க இதை மறந்திருந்தா, வேகத்தைக் குறைச்சாலே சில சமயம் சரியாயிடும்.

இரைச்சல் பெரும்பாலும் ட்ரைவோட மோட்டார் கேபிள்ல இருந்து வரும். அதே ட்ரேயில கம்யூனிகேஷன் கேபிளையும் போட்டிருந்தா, மோட்டார் லோடு ஏறுறப்போ எரர் கவுன்ட்டரும் ஏறும். தள்ளிப் போடுங்க. குறுக்கே போகணும்னா செங்குத்தா போகட்டும். ஷீல்டை ரெண்டு முனையிலயும் எர்த் பண்ணணுமா, ஒரு முனையா? இது முடியாத டீக்கடை விவாதம். உங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க. ஆனா ஷீல்டை நீளமா வால் மாதிரி முறுக்கி எங்கேயோ கட்டுறது எந்தக் கட்சிக்கும் பிடிக்காது.

ஈத்தர்நெட்டுக்கு வந்தா, ‘பிங் வருது, அதனால நெட்வொர்க் ஓகே’ங்கிற வாக்கியத்தை நம்பாதீங்க. ஸ்விட்ச் பக்கம் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்னு கையால செட் பண்ணி, டிவைஸ் பக்கம் ஆட்டோன்னு விட்டா, டிவைஸ் ஹாஃப் டூப்ளெக்ஸ்ல போய் உட்கார்ந்துடும். பிங் அழகா வரும். டிராஃபிக் ஏறினா ஃப்ரேம் உதிரும். ஸ்விட்ச் போர்ட்ல சிஆர்சி எரர் ஏறிக்கிட்டே இருக்கிறதுதான் அடையாளம். ரெண்டு டிவைஸுக்கு ஒரே ஐபி அட்ரஸ் இருந்தாலும் இப்படித்தான், ஒண்ணு பேசுறப்போ இன்னொண்ணு காணாம போகும்.

இதெல்லாம் பாட்டில் லைனோட நிக்கிற விஷயம் இல்லை. 2006 ஆகஸ்ட் 19, அமெரிக்காவோட அலபாமா மாநிலத்துல இருக்கிற ப்ரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். 3-வது யூனிட்ல உலைக்குள்ள தண்ணியைச் சுத்தவிடுற ரெண்டு பம்புமே நின்னுபோச்சு. ஆபரேட்டர்கள் உலையைக் கையால நிறுத்தினாங்க. பம்புகளோட ட்ரைவ் கன்ட்ரோலர்கள் நெட்வொர்க்ல அளவுக்கு மீறி வந்த டிராஃபிக்ல திணறி, பதில் சொல்லாம போனதுன்னு தெரிஞ்சது. அதே நெட்வொர்க்ல இருந்த ஒரு பிஎல்சியும் ஃபெயில் ஆகியிருந்தது. அந்த பிஎல்சிதான் டிராஃபிக்கைக் கிளப்பிச்சா, இல்லை வேற எங்கேயோ இருந்து வந்த டிராஃபிக் ரெண்டையும் சாய்ச்சதாங்கிறதை உறுதியா சொல்ல முடியலை. அணுமின் நிலையத்துலயே இந்த நிலைமைன்னா, நம்ம ராத்திரி ஷிஃப்ட் டெக்னீஷியன் அஞ்சு நிமிஷத்துல காரணம் சொல்லணும்னு எதிர்பார்க்கிறது அநியாயம். அங்க அப்புறம் அந்தக் கன்ட்ரோலர்களுக்கு முன்னாடி டிராஃபிக்கைக் கட்டுப்படுத்துற ஃபயர்வால் வச்சாங்க.

சரி, சந்தேகம் ஒரு டிவைஸ் மேல வந்து நிக்குது. புதுசு வாங்காதீங்க. அதே மாதிரி இன்னொண்ணு லைன்ல இருந்தா, லைன் நிக்கிற நேரமாப் பார்த்து, அட்ரஸையும் செட்டிங்கையும் சரியா மாத்திக்கிட்டு, ரெண்டையும் இடம் மாத்துங்க. ஃபால்ட் டிவைஸோட போனா டிவைஸ் கெட்டது. அதே இடத்துல இருந்தா கேபிளோ கனெக்டரோ. இந்த நேரத்துல வேற எதையும் தொடாதீங்க. ஒரே நாள்ல கேபிளையும் மாத்தி, வேகத்தையும் குறைச்சு, ஷீல்டையும் கட்டினா, எது வேலை செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது.

சரியாயிடுச்சான்னு எப்ப சொல்றது? மூணு நாளைக்கு ஒரு தடவை வந்த ஃபால்ட் ஒரு நாள் வரலைங்கிறது ஒண்ணுமே இல்லை. குறைஞ்சது ரெண்டு வாரமாவது பாருங்க. ஆனா எரர் கவுன்ட்டரை முதல்லயே குறிச்சு வச்சிருந்தா அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. முன்னாடி மணிக்கு 300 ஏறிக்கிட்டு இருந்தது, இப்போ முழு லோடுல ஒரு ஷிஃப்ட் ஓடியும் பூஜ்யத்துலயே நிக்குதுன்னா, ஒரே ஷிஃப்ட்ல உங்களுக்குத் தெரிஞ்சிடும்.