இழவு வீட்டில் தவறிப்போகும் காரியங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒருவர் கண்ணை மூடினால், காரியத்திற்கு ஆள் தேட வேண்டியதில்லை. பந்தல் போடவும் பாடை கட்டவும் தெரிந்தவர்கள் தாமே வந்து நிற்பார்கள். கருமாதி முடித்து, போர்ட்டிக்சன் கடலில் சாம்பல் கரைப்பது வரை பெரியவர்கள் நாள் எண்ணி நடத்தி வைப்பார்கள். லயங்கள் குறைந்து பலரும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளிலும் இந்த ஒற்றுமை குறையவில்லை. தவறிப்போவதெல்லாம் பத்திர வேலைகள்தாம். தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் மனு எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மரணத்தை 7 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே உரிய பாரத்தைத் தருவார்கள். வீட்டில் இறந்தால், உடலை எடுப்பதற்கு முன்பே உரிய இடத்தில் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். இறந்தவரின் அடையாளக் கார்டையும் தகவல் சொல்பவரின் கார்டையும் கையோடு கொண்டு போவது நல்லது. மரணப் பத்திரத்தைப் பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகுமிடமெல்லாம் கேட்பார்கள்.

அடுத்து, ஊழியர் சேமநிதி. இறந்தவர் யார் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாரோ அவரே மனுச் செய்ய வேண்டும். பிரம்மச்சாரியாக இருந்தபோது அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, மணமான பின் அந்தப் பக்கமே திரும்பாதவர்கள் நம்மில் அநேகர். மணமானவர்கள் புதிதாக எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இது தவிர 2,500 வெள்ளி மரண உதவித் தொகையும் உண்டு. உறுப்பினர் 60 வயதுக்குள் இறந்திருக்க வேண்டும். 6 மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்து இதைக் கோட்டை விட்ட குடும்பங்கள் உண்டு. சொக்சோவில் ஈமச் சடங்குத் தொகையோடு, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் மனைவி மக்களுக்கு மாதாந்திரப் பென்ஷனும் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அது கல்யாணப் பதிவு.

1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் நம் முறைப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின், கோவிலில் ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும், பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது திருமணமே அல்ல. அந்த மனைவி விதவையும் அல்லள். பிள்ளைகளும் தந்தையின் சட்டபூர்வ வாரிசுகள் ஆவதில்லை.

தோட்டத்துக் கோவிலில் 1986இல் மணமுடித்த ஒரு தாய், கணவர் இறந்ததும் என்னிடம் வந்தார். நான்கு பிள்ளைகள். மணப்பத்திரம் இல்லை, உயிலும் இல்லை. முறையாகப் பதிந்திருந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் காலும், பிள்ளைகளுக்கு அரையும், மாமியாருக்குக் காலும் வந்திருக்கும். (எல்லாம் மனைவிக்கே என்று நினைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.) பதியாததால் கணவரின் சேமிப்பு முழுவதற்கும் மாமியாரே வாரிசானார். அந்த மூதாட்டி நல்லவர். வாங்கிய பணத்தை அப்படியே பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படியா நடக்கும்?

கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருக்கும்வரை வழி இருக்கிறது. இப்போது பதிந்து கொள்ளலாம். அவ்வாறு பதிந்தால் முன்பு பிறந்த பிள்ளைகளும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையான பிள்ளைகள் ஆவார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு பதிவதற்குக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பதிவிலாகாவிலோ, துணைப் பதிவதிகாரி உள்ள கோவிலிலோ விசாரிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: திருமணத்திற்கு முன் எழுதிய உயில், திருமணம் பதிவானதும் பொதுவாகச் செல்லாமல் போகும், அதைப் புதிதாக எழுத வேண்டும்.

வீடோ நிலமோ விட்டுச் சென்று உயில் எழுதாதிருந்தால், முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். சிறு சொத்துகளை வழக்கறிஞர் இல்லாமலே அங்கு விசாரித்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நிலப் பட்டாவின் பிரதி, மரணப் பத்திரம், மணப்பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.