சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரியலை

குமாரபாளையத்தில் ஒரு செல்போன் கடை. பெரியப்பாவுக்குப் போன் வாங்கப் போயிருந்தோம். "காது கொஞ்சம் மந்தம். நல்லாக் கேக்குற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றதும் கடைப் பையன் ஒரு பட்டன் போனை எடுத்து, ரிங்டோனை முழுசாக ஏற்றி மேஜைமேல் வைத்தான். கடையே அதிர்ந்தது. வாசலில் வண்டி நிறுத்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு மேல சவுண்ட் எதுலயும் வராதுங்க" என்றான் பையன்.

பெரியப்பா போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சத்தமெல்லாங் கேக்குது கண்ணு. பேசறதுதான் என்னன்னு புரியமாட்டீங்குது."

காது மந்தமானவர்களுக்குப் போன் தேடும் எவரும் இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளலாம். கடையில் நமக்குப் போட்டுக் காட்டுவது ரிங்டோன். அது வரும் ஸ்பீக்கர் பல போன்களில் பின்பக்கமோ அடியிலோ இருக்கும். காதில் வைத்துப் பேசும்போது குரல் வருவது மேலே உள்ள சின்னத் துளை வழியாக. முன்னது அலறுகிறது என்பதால் பின்னது நன்றாக இருக்கும் என்று சொல்லவே முடியாது.

பெரியப்பா நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிகள் ஓடும் பட்டறைகளில் இரைச்சல் சர்வசாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். அந்த இரைச்சல் காதைத் தின்னும் விதம் விசித்திரமானது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்களில், சுமார் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை வாங்கும் செல்கள்தான் முதலில் போகும். வயதாவதாலும் மேல் ஸ்தாயிதான் முதலில் மங்கும். இரண்டும் சேர்ந்தால், கீழ் ஸ்தாயி ஓரளவு நன்றாகக் கேட்கும். கீச்சென்ற ஒலிகள் மட்டும் காணாமல் போய்விடும்.

தமிழில் இதன் விளைவு என்ன என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் க, ச, ட, த, ப போன்றவை பெரும்பாலும் மேலே இருப்பவை, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகிறவை. ஆகவே கடை, தடை, படை, வடை எல்லாம் அவருக்கு ஒரே சொல். பாட்டு, பாக்கு, பாத்து மூன்றும் ஒன்று. "கடைக்குப் போய்ட்டு வந்தர்றேன்" என்று பெரியம்மா போனில் சொன்னதற்கு, "எனக்கு வேண்டாம், நெஞ்சு கரிக்கும்" என்று இவர் பதில் சொன்ன கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

போதாக்குறைக்குப் போனே பாதியை வெட்டிவிடுகிறது. பழைய லேண்ட்லைனும், 2ஜி செல்போனும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தும். 'ஸ' என்று நாம் சீறும் ஒலியின் பலமெல்லாம் 4000-க்கு மேலே. நல்ல காது உள்ளவர்களே பெயரைச் சொல்லும்போது "எஸ் ஃபார் சுகர்" என்று விளக்க வேண்டியிருப்பது இதனால்தான். பெரியப்பாவுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. தறி ஓடும்போது பக்கத்துத் தறிக்காரர் சொல்வதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு பழகியவர் அவர். போனில் உதடு ஏது?

சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா? ஆகாது. உள்காது பழுதானவர்களுக்கு மெதுவாகச் சொன்னால் கேட்காது, கொஞ்சம் உரக்கச் சொன்னால் காதைக் குத்தும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. "சத்தமாப் பேசுடா" என்பவரே அடுத்த நொடி "எதுக்குடா கத்தறே" என்று கடிந்துகொள்வது முதுமையின் சிடுசிடுப்பு அல்ல, காதின் கோளாறு.

எனவே போன் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது 4ஜி வோல்ட்டி அழைப்புக்கு உதவுமா என்பது. எச்.டி. வாய்ஸ் என்று சொல்லப்படும் அந்த அழைப்பில் ஒலி 7000 ஹெர்ட்ஸ் வரை வரும். வெட்டுப்பட்ட மெய்யொலிகளில் கணிசமானவை திரும்பக் கிடைக்கும். ஆனால் இரண்டு முனையிலும் அந்த வசதி இருக்க வேண்டும். இவர் 4ஜி வைத்திருந்து மகள் பழைய 2ஜி பட்டன் போனில் பேசினால் பலனில்லை. பட்டன் போன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 4ஜி பட்டன் போன்களும் வந்துவிட்டன. வாட்ஸ்அப் அழைப்பிலும், சிக்னல் நன்றாக இருந்தால், குரல் விரிவாகவே வருகிறது.

இனி காதுமெஷின். செவித்துணைக் கருவி என்று எழுதினாலும் எல்லோரும் சொல்வது காதுமெஷின்தான். அதை மாட்டியிருப்பவர்கள் போனைக் காதுத் துளைமேல் வைத்து அழுத்துவார்கள். 'கீ...' என்று ஒரு கூச்சல் வரும். எரிச்சலில் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் மைக் இருக்கும் இடமே வேறு: தச்சர் பென்சிலைச் செருகுவாரே, காதின் அந்த மேல் மடிப்பில். போனின் மேல்துளை அங்கே வர வேண்டும். ஒட்டாமல், கொஞ்சம் சாய்த்து, ஒரு விரல் இடைவெளி விட்டு. இதைப் பெரியப்பாவுக்குப் பழக்க இரண்டு நாள் ஆனது. செலவு ஏதுமில்லை.

அடுத்தது டெலிகாயில். மெஷினுக்குள் இருக்கும் ஒரு சின்னச் செப்புச் சுருள் அது. போனின் ஸ்பீக்கரிலிருந்து கசியும் காந்தப் புலத்தை நேராகப் பிடித்து ஒலியாக்கிவிடும். மைக் அணைந்துவிடுவதால் சுற்றியுள்ள மிக்ஸி, பஸ், டிவி எதுவும் உள்ளே வராது, கூச்சலும் வராது. பழைய மெஷின்களில் இதற்கு 'டி' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். புதியவற்றில் ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் அதை இயக்கித் தர வேண்டும். பெரியப்பாவின் மெஷினில் அந்தச் சுருள் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்தது; விற்ற இடத்தில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காதுக்குள் மறைந்துவிடும் குட்டி மெஷின்கள் பலவற்றில் இது இருக்காது. வெளியே தெரியக்கூடாது என்று அதை வாங்குகிறவர்கள் போனில் தவிக்க நேரலாம்.

போனும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். ரேடியோ பக்கத்தில் பழைய செல்போன் இருந்தால், அழைப்பு வருமுன் 'டிடிக் டிடிக் டிர்ர்ர்' என்று இரையுமே, நினைவிருக்கிறதா? 2ஜி போன் விநாடிக்குச் சுமார் 217 முறை துடிக்கும் துடிப்பு அது. அந்த இரைச்சல் காதுமெஷினுக்குள்ளும் புகும். இதை அளக்க அமெரிக்காவில் எம், டி என இரண்டு மதிப்பெண் வைத்தார்கள். எம்3, எம்4 என்றால் மைக்கோடு ஒத்துப்போகும். டி3, டி4 என்றால் டெலிகாயிலோடு. நம் ஊர்ப் பெட்டிகளில் இதைப் பார்ப்பது அரிது. தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். அதைவிட, மெஷினை மாட்டிக்கொண்டு கடையிலேயே ஒரு நிமிடம் பேசிப் பார்க்கலாம்.

புளூடூத் வந்தபின் காந்தமும் வேண்டாம், சாய்த்துப் பிடிக்கவும் வேண்டாம். குரல் நேராக மெஷினுக்குள், இரண்டு காதிலும். ஆனால் எல்லா மெஷினும் எல்லாப் போனோடும் சேராது. சில ஐபோனோடு மட்டும், சில குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு போன்களோடு. போனாக் கம்பெனியின் பல மெஷின்கள் சாதாரண புளூடூத்தில் இயங்குவதால் பட்டன் போனோடுகூடச் சேரும். ஆகவே மெஷினின் மாடல் பெயரை எழுதி எடுத்துக்கொண்டுதான் போன் கடைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் யோசிக்கும்போது கிரகாம் பெல் நினைவுக்கு வருவார். அவருடைய அம்மாவுக்குக் காது மிக மந்தம். மனைவி மேபல் ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை முழுக்க இழந்தவர். பெல்லிடம் பேச்சுப் பயின்ற மாணவி. 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கி, மறுவருடம் கல்யாணம் செய்துகொண்டபோது, கம்பெனியில் தன் பங்குகளில் பத்தைத் தவிர மற்றதையெல்லாம் மேபலுக்கே பரிசாகக் கொடுத்தார். அந்தக் கருவியில் ஒரு வார்த்தைகூட மேபலால் கேட்க முடியவில்லை. அதற்கு வழி பிறக்க 1964 வரை ஆனது. ராபர்ட் வெயிட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், தட்டச்சு எழுத்தைச் சாதாரண போன் கம்பி வழியே அனுப்பும் கருவியைச் செய்தார். தொலைபேசி பிறந்து அப்போது 88 வருஷம் ஆகியிருந்தது.

இன்று எழுத்து நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி 2019-இல் வந்தது. எதிரில் பேசுவதைத் தமிழிலும் எழுத்தாக்கிக் காட்டும். எங்கள் வீட்டில் பெரியம்மாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் பெரியப்பாவின் போனில் செயலியைத் திறந்து வைக்கிறோம். கொங்குப் பேச்சில் அது திணறும். "கேக்கமாட்டீங்குது" என்றதைக் கேக்கு விற்பதாக எழுதியது ஒருநாள். ஆனாலும் தேதி, ஊர், பணம் போன்ற விவரங்களுக்கு உதவுகிறது.

கடைசியில் அவருக்கு வாங்கியது பெரிய திரை போட்ட சுமாரான டச் போன்தான். காரணம், வீடியோ கால். முகம் தெரிந்ததும் தறிப்பட்டறைப் பழக்கம் அவருக்குத் திரும்பிவிட்டது. குரல் கீச்சென்று இருப்பதால் பேத்தி பேசுவது அவருக்குப் புரிந்ததே இல்லை. இப்போது உதட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறார். சைகை மொழியில் பேசுகிறவர்களுக்கும் முன்பக்கக் கேமராவும் நல்ல நெட்டும்தான் போன். ஸ்பீக்கர் எப்படியிருந்தால் என்ன? ரிங்டோனைக் கனத்த குரலுள்ளதாக மாற்றி, அழைப்பு வந்தால் ஃபிளாஷ் மின்னும்படி வைத்திருக்கிறோம். நல்ல காது எது என்று பார்த்ததில் இடது என்று தெரிந்தது. இத்தனை வருஷமும் வலக்காதில் வைத்துப் பேசியிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் போன் வாங்குவதாக இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிம்மைப் போட்டு, அவரிடம் அதிகம் பேசுகிறவரைக் கடை வாசலிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். காதுமெஷினை மறக்காதீர்கள். முதல் நாள் பெரியப்பா, எங்காவது விழுந்துவிடும் என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தார்.