புறாவுக்கும் ஓர் ஆஸ்பத்திரி

தில்லியில் ஆகஸ்ட் 15 பட்டம் விடும் நாள். மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட புறாக்கள் தெருவில் விழும். கண்ணாடித் தூள் தடவிய நூலுக்கு 2017-இல் தடை வந்தும் இது நின்றபாடில்லை.

செங்கோட்டைக்கு எதிரே, ஜைனர்களின் லால் மந்திர் வளாகத்தில், 1929-இல் தோன்றிய பறவை ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டணம் கிடையாது. மாமிசம் தின்னும் பருந்துக்கு மட்டும் உள்ளே இடமில்லை. வெளியிலேயே சிகிச்சை செய்து அனுப்புவார்கள். குணமடைந்த பறவைகளை வானில் பறக்க விடுவார்கள்.

சவாரியை விட்டுவிட்டு ரிக்ஷாக்காரர் வருவார். பஸ்ஸைத் தவறவிட்டு குமாஸ்தா வருவார். கையில் துணி சுற்றிய புறா இருக்கும்.

தலைநகரில் நம்மவர்களுக்கும் அலைச்சலுக்குக் குறைவில்லை. ஆயினும் வழியில் ஒரு பறவை விழுந்து கிடந்தால் அங்கே கொண்டு சேர்க்கலாம். ஆபீசுக்கு அரைமணி தாமதமாகும், அதிகாரி முறைப்பார். அன்றைய பொழுது வீண்போகாது.