ஒளிக்க இடமில்லாத ஷூ

1960களின் நடுவில் அடிடாஸ் நிறுவனம் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரொபேர் ஹய்யேவின் பெயரில் ஒரு ஷூவை வெளியிட்டது. வீரர்கள் கான்வாஸ் ஷூ போட்டு ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இது வெள்ளைத் தோலில் வந்தது. நிறுவனத்தின் அடையாளமான மூன்று பட்டைகள்கூட இதில் மூன்று வரிசைத் துளைகள்தான். எழுபதுகளில் விம்பிள்டன் சாம்பியன் ஸ்டான் ஸ்மித்தின் பெயர் அதில் ஏறியது; இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. 2004இல் தொடங்கிய காமன் ப்ராஜெக்ட்ஸ், தன் 'அக்கிலீஸ்' ஷூவில் அந்தத் துளைகளும் இல்லாமல், குதிகால் பக்கம் தங்க நிறத்தில் ஒரே வரியில் எண்களை மட்டும் அச்சிட்டது. சினோஸ் பேன்ட்டுக்கும் பிளேசருக்கும் பொருந்தும் மினிமல் ஸ்னீக்கர் இப்படித்தான் உருவானது.

அலங்காரம் குறைந்தால் வேலையும் குறையும் என்று நினைக்க வேண்டாம். பல துண்டுகளை இணைத்த ஷூவில் தோலின் வடுவையும் கோணல் தையலையும் ஒரு பட்டைக்கு அடியில் மறைத்துவிடலாம். வெற்று ஷூவில் அது நடக்காது. அப்பர் எனப்படும் மேற்பகுதிக்குத் தழும்பில்லாத பெரிய துண்டாகத் தோல் வேண்டும். வெட்டும்போது கழிவும் கூடும்.

ஆகவே முதலில் தோலைப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் லேசாக அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் எழுந்து, கையை எடுத்ததும் அடங்கும். மேற்பரப்பைத் தேய்த்துத் தடிமனாகப் பூச்சுக் கொடுத்த தோலில் ஒரே பெரிய மடிப்பு விழும். நாளாவட்டத்தில் அந்த இடத்தில்தான் பூச்சு வெடிக்கும். உள்லைனிங்கும் தோலாக இருந்தால் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது சோல். இதில் இரண்டு முறைகள் உண்டு. கான்வாஸ் ஷூக்களில் வேகாத ரப்பர் பட்டையை அப்பரைச் சுற்றி ஒட்டி, ஷூவை அப்படியே சூட்டில் வேகவைப்பார்கள். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசேஷன் இதுதான். சோல் மெல்லிதாக, நன்றாக வளையும். கப்சோல் முறையில், முன்பே கிண்ணம்போல் வார்த்த ரப்பருக்குள் அப்பரை உட்காரவைத்து, ஒட்டி, விளிம்பைச் சுற்றித் தைப்பார்கள். சற்றுக் கனம்தான், ஆனால் வடிவம் குலையாது, ஒட்டு விட்டாலும் தையல் தாங்கும். சில ஷூக்களில் அந்தத் தையல் வெறும் அச்சு. இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். உள்விளிம்பில் நூல் ஓடினால் தையல் நிஜம்.

பாலியூரித்தேன் சோல் என்றால் ஒரு எச்சரிக்கை. காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ, சில வருடம் கழித்துப் போட்டதும் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். ரப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை.

உடைப் பொருத்தத்துக்கு விதிகள் கொஞ்சம்தான். முனை ஒடுங்கி, சோல் தட்டையாக, லோகோ கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். பேன்ட் ஷூவின் மேல் குவியாமல் கணுக்காலோடு நிற்க வேண்டும். வெள்ளை எல்லா நிறத்துக்கும் சேரும்; மழையிலும் புழுதியிலும் தினமும் அலைபவருக்கு அடர்பழுப்போ கறுப்போ மேல். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாகத் தோல் ஷூக்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்துவருகின்றன. நல்ல வேலைப்பாட்டைத் தேட வெளிநாட்டு முத்திரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பெயருக்குக் கொடுக்கும் பணத்தைத் தோலுக்கும் தையலுக்கும் கொடுங்கள். ஒரே ஜோடி அலுவலகத்துக்கும் விருந்துக்கும் போதும்.